மிதி படகு இயந்திரத்தில் நடந்தது குறித்துச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

(அப்படி அழைக்கும் உரிமை எனக்கு இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று தெரியவில்லை. இல்லையென்றால் அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு மீதியைப் படிக்கவும்.)

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் மகளும் நலம். மூவரில் இருவர் மூன்றாமவனோடு பேசுவதில்லை என்பதைத் தவிர வேறு குறை எதுவும் இல்லை. அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். பொழுதுபோக்குப் பூங்காவில் தாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் எழுந்து போய் இன்றோடு நான்கு நாள் ஆகிறது. மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் மணி அடித்து ஓய்ந்தது. அதனால்தான் எழுதுகிறேன். முப்பத்தொரு வருடமாக அடுத்தவர் எழுதியதைத் திருத்தியே பிழைத்தவன், முதன்முதலாகச் சொந்தமாக எழுத உட்கார்ந்தால் அது மன்னிப்புக் கடிதமாக அமைகிறது. என் தலையெழுத்து அப்படி. அதைத் திருத்த என் பேனாவுக்கு வலு இல்லை.

நடந்ததைத் தாங்களும் பார்த்தீர்கள். ஆனால் தாங்கள் பார்த்தது வெளிப்பக்கம்தான். உள்பக்கத்தை நான்தான் சொல்ல வேண்டும். என் மகள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு, கண்ணில் எந்தக் கோளாறும் இல்லாத தங்கள் மகன் ஒரே மாதத்தில் மூன்று தடவை வந்து கண்ணைச் சோதித்துக்கொண்டு போன கதையை நாம் இருவரும் கடைசியாகத்தான் கேள்விப்பட்டோம். பெரியவர்கள் எங்கே சந்திப்பது என்ற பேச்சு வந்தபோது மகள்தான் மாப்பிள்ளை வேலை செய்யும் பூங்காவைச் சொன்னாள். வீட்டுக்குப் போனால் வீட்டைப் பார்ப்பார்கள், அங்கே போனால் ஆளை மட்டும்தான் பார்ப்பார்கள் என்றாள். ஆளை மட்டும் பார்த்ததுதான் வினையாகப் போனது. போகும் வழியெல்லாம் என் மனைவி, "வாயை மட்டும் கொஞ்சம் அடக்கிட்டு இருங்க, அது போதும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நானும் அடக்கிக்கொண்டுதான் வந்தேன், பூங்கா வாசல்வரை. வாசலில் தாங்கள் கைகொடுத்து, "நான் டெய்லருங்க. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல சின்னக் கடை. ஸ்கூல் யூனிபார்ம்தான் ஜாஸ்தி" என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னீர்கள். அதற்குப் பதிலாக நானும், "நான் அச்சகத்துல பிழை திருத்தறேங்க" என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா? "பத்திரிகைத் துறை" என்றேன். உண்மையில் எங்கள் அச்சகத்தில் எந்தப் பத்திரிகையும் அச்சாவதில்லை. மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் இருக்கிறதே, அதில் வரும் பக்கவிளைவுகளைத் திருத்துவதுதான் என் வேலை. வாந்தி, மயக்கம், தலைசுற்றல் எல்லாவற்றையும் எழுத்துப்பிழையில்லாமல் நாட்டுக்கு வழங்கி வருகிறேன்.

பிறகு மாப்பிள்ளை எங்களை ராட்டினங்களுக்குப் பின்னால் இருக்கும் தன் பட்டறைக்குக் கூட்டிப் போனார். போல்ட்டும் நட்டும் டப்பா டப்பாவாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி வைத்திருந்ததைப் பார்த்தபோதே பையன் நல்ல பையன் என்று என் மனசு சொல்லிவிட்டது. அதையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். நான் சீட்டுகளில் பிழை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டறைக்கு எதிரே, நீலம் அடித்த படகு மாதிரி அந்த இயந்திரம் நின்றது: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சைக்கிள் சீட்டு, இரண்டு ஜோடி பெடல், முன்னால் கூரை வைத்த புடைத்த திரை. மாப்பிள்ளை அதைக் காட்டிய விதம், ஒருவர் தன் கைக்குழந்தையைக் காட்டுகிற மாதிரி இருந்தது. "இதுக்கு கரண்ட் வயரே கிடையாது. மிதிச்சா டைனமோ சுத்தும், அதுலதான் திரை எரியும். நிறுத்தினா அணைஞ்சிடும். செஞ்ச கம்பெனியை மூடி ரொம்ப வருஷம் ஆச்சு. எனக்குத் தெரிஞ்சு ஓடற நிலைமைல இன்னும் மூணுதான் இருக்கு. இதுக்கு பெல்ட் எங்கயும் கிடைக்கல, அப்பா கடை தையல் மிஷின் பெல்ட்டைத்தான் அளவெடுத்துப் போட்டிருக்கேன்" என்றார். இடதுபக்கம் மிதிப்பவர் இடது துடுப்பு, வலதுபக்கம் மிதிப்பவர் வலது துடுப்பு. இரண்டும் ஒரே வேகத்தில் போனால் படகு ஆற்றில் நேராகப் போகும். இதை ஐந்து வயதுக் குழந்தையும் புரிந்துகொள்ளும் விதத்தில் அவர் விளக்கினார். அங்கே ஐந்து வயதுக் குழந்தைகள் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் புரிந்தது.

"ரெண்டு அப்பாவும் உக்காந்து பாருங்களேன்" என்று என் மகள்தான் சொன்னாள். தாங்கள் தயங்கினீர்கள். நான் தயங்கவில்லை. "நான் தினமும் சைக்கிள்லதான் வேலைக்குப் போறேன்" என்று அறிவித்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். அது பொய் இல்லை, சம்பந்தி. எங்கள் அச்சகத்து பைண்டர் ஓட்டுவார், நான் பின்னால் உட்கார்ந்து போவேன். ஏறியதும் என் கண் பழக்கதோஷத்தில் அறிவிப்புப் பலகைக்குப் போனது. "இருவரும் சமமாக மிதிக்கவும்" என்று இருந்திருக்க வேண்டியதில் 'மி'யின் மேல்விலங்கு மட்டும் உரிந்து போய், "இருவரும் சமமாக மதிக்கவும்" என்று நின்றது. விடுவேனா? குழந்தைகள் வரிசையில் காத்திருக்க, தாங்கள் பெடலில் காலை வைத்தபடி காத்திருக்க, ஒரு மேல்விலங்கு போனால் ஒரு வாக்கியம் எப்படிக் கெட்டுப்போகிறது என்று கால்மணி நேரம் பேசினேன். மாப்பிள்ளை, "மாத்திடறேன் மாமா" என்றார். பிழையைக் கண்டுபிடித்தேனே தவிர, அதில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை.

மிதிக்க ஆரம்பித்தோம். திரையின் நடுவில் ஒரு புள்ளி வந்து, அது விரிந்து, பச்சைக் கோடுகளுக்கு நடுவில் ஓர் ஆறும் வெள்ளைப் படகும் தெரிந்தன. தாங்கள் முதுகை நேராக வைத்துக்கொண்டு, காலைக் குனிந்துகூடப் பார்க்காமல், கரையில் நின்ற சம்பந்தியம்மாவிடம் ஏதோ பேசிக்கொண்டே ஒரே சீராக மிதித்தீர்கள். நாற்பது வருடம் தையல் மிஷினை மிதித்த கால் அது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. தங்களை முந்த வேண்டும் என்ற எண்ணம் மட்டும்தான் இருந்தது. முந்துவதற்கு அது பந்தயமே இல்லை என்பதுகூட மறந்துவிட்டது. முதல் அரை நிமிடம் பறந்தேன். படகு தங்கள் பக்கம் திரும்பியது. அடுத்த அரை நிமிடம் மூச்சு வாங்கினேன். என் பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு அது ஆற்றை மறந்து, இருந்த இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண், "அந்தத் தாத்தா இறங்கினா படகு நேராப் போகும்" என்றது. அதன் அம்மா, "எந்தத் தாத்தாடி?" என்று கேட்டார். "மூச்சு வாங்கற தாத்தா." தாங்கள் அதைக் கேட்காதது போல் இருந்தீர்கள். அது தங்கள் பெருந்தன்மை. பிறகு என் பக்கம் சாய்ந்து, "சம்பந்தி, அவசரப்படாதீங்க. கால் போற போக்குல விடுங்க, துணி தானா நகரும்" என்றீர்கள். "துணியா?" என்றேன். "படகுதான். பழக்கத்துல வந்துடுச்சு" என்று சிரித்தீர்கள்.

நல்ல மனிதர் நல்ல விதமாகச் சொன்ன வார்த்தை. எனக்கு என்னவோ சுருக்கென்றது. என் பக்கத்துப் பெடல் கோளாறு என்று சொல்லி, இடம் மாறி உட்காரலாம் என்றேன். மாறினோம். படகு இப்போது எதிர்த் திசையில் சுற்றியது. கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது இயந்திரத்துக்கும் குழந்தைகளுக்கும் தெரிந்துவிட்டது. அந்த அவமானத்தில்தான் சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதித்தேன். மூன்று மிதிதான். நாலாவதில் என் பேண்ட்டின் கால்பக்கம் செயினுக்குள் போனது, நான் இழுத்தேன், செயின் இழுத்தது, நடுவில் இருந்த தையல் யார் பக்கம் சேருவது என்று தெரியாமல் பின்பக்கத்தில் நீளமாகப் பிரிந்தது. திரை சுருங்கிப் புள்ளியாகி அணைந்தது. மாப்பிள்ளை அந்த நிமிடமே தரையில் படுத்து இயந்திரத்துக்கு அடியில் நுழைந்தார். தாங்கள் குனிந்து, கிழிசலைக் கூர்ந்து பார்த்து, "இது பேண்ட் தைக்கிற நூல் இல்லையே. புத்தகம் தைக்கிற நூலாச்சே. யார் தச்சது?" என்று கேட்டீர்கள்.

யார் தைத்தது என்று இப்போது சொல்கிறேன். நான்தான். இடுப்பு பத்தவில்லை, புது பேண்ட் வாங்குவதற்குள் நாள் வந்துவிட்டது, தையல் கடைக்குக் கொடுக்கவும் சோம்பல். அச்சகத்தில் பைண்டரிடம் நூலும் ஊசியும் வாங்கி, சாப்பாட்டு இடைவேளையில் பின்பக்கத்தைப் பிரித்து நானே தைத்தேன். நானூறு பக்க நோட்டையே தாங்கும் என்று பைண்டர் உறுதி கொடுத்திருந்தார். தாங்கள் ஒரே பார்வையில் அதைச் சொன்னதும், பத்திரிகைத் துறை, தினமும் சைக்கிள், பெடல் கோளாறு என்று நான் அடுக்கியதெல்லாம் அந்தக் கிழிசல் வழியாக எல்லாருக்கும் தெரிவதுபோல் இருந்தது. அப்போது என் வாயிலிருந்து வந்ததைத் தங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. இருந்தாலும் மன்னிப்பு கேட்பவன் எதற்கு என்று சொல்லித்தான் கேட்க வேண்டும். "நான் உங்ககிட்ட துணி தைக்க வரல. பொண்ணு குடுக்கலாமா வேணாமான்னு பாக்க வந்திருக்கேன்" என்றேன்.

தாங்கள் பாதி குனிந்தபடியே கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தீர்கள். பிறகு எழுந்தீர்கள், யாரையும் பார்க்காமல் போனீர்கள். சம்பந்தியம்மா பின்னாலேயே போனார். நானும் தங்கள் பின்னால் ஓடி வந்து காலில் விழுந்திருப்பேன். கால் செயினில் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது தங்களுக்குத் தெரியாது. துணியை வெளியே எடுக்க வேண்டுமானால் பெடலைப் பின்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்ற வேண்டுமாம். என் மகள் தங்கள் சீட்டில் ஏறி உட்கார்ந்து, என் பக்கத்துப் பெடலைக் கையால் பிடித்தாள். அடியிலிருந்து மாப்பிள்ளை, "அரைச் சுத்து. போதும். இன்னும் கால் சுத்து. நிறுத்து" என்று சொல்லச் சொல்ல, அவள் அதற்கு மேலும் போகாமல் கீழும் போகாமல் சுற்றினாள். இருவருக்கும் முகம் தெரியவில்லை. இருபது நிமிடம் நான் அவர்களுக்கு நடுவில் ஒரு கையால் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டு நின்றேன். இத்தனை வருடத்தில் அவள் யார் பேச்சையும் அப்படிக் கவனமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை, என் பேச்சு உட்பட. விடுபட்டதும் கட்டிக்கொள்ள வேறு துணி இல்லை. பூங்கா வாசலில் குழந்தைகளுக்குக் கைகொடுக்கும் வாத்து வேஷம் இருக்கிறதே, அதன் கீழ்ப்பாதியைத்தான் மாப்பிள்ளையால் கொண்டுவர முடிந்தது. மஞ்சள் நிறம், தொளதொள என்று இருந்தது, பின்னால் பஞ்சு அடைத்த வால். வாலோடு பஸ்ஸில் உட்கார முடியாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். கண்டக்டர், "சார், வால் பின்னால நிக்கிறவங்களை இடிக்குது, கொஞ்சம் முன்னால தள்ளி நில்லுங்க" என்று மரியாதையாகச் சொன்னார். என் மனைவி, "இப்பதான் உங்க அளவுக்கு ஒரு பேண்ட் கிடைச்சிருக்கு" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

மகள் நேற்றுக் காலை ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, அந்த வார்த்தையை எனக்காகச் சொன்னீங்களா, உங்களுக்காகச் சொன்னீங்களா?" நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அவள் கடைக்குப் போய்விட்டாள். அன்று முழுக்க ஒரு மருந்துத் தாளில் "தூக்கமின்மை" என்பதில் இருந்த பிழையை ஏழு இடத்தில் தவறவிட்டேன். மானேஜர் கூப்பிட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

சம்பந்தி, அவளுக்காகச் சொல்லவில்லை. எனக்காகத்தான் சொன்னேன். தங்கள் தொழிலை நான் குறைவாக நினைத்ததாகத் தாங்கள் நினைத்தால் அதுவும் சரியில்லை. ஒரு மனிதர் தன் தொழிலைச் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்து மிதிப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். என் குற்றத்துக்கு அந்த இரண்டு பிள்ளைகள் தண்டனை அனுபவிக்கக் கூடாது. இத்துடன் ஒரு பொட்டலம் வருகிறது. அதில் வாத்தின் கீழ்ப்பாதி இருக்கிறது, துவைத்தாகிவிட்டது, மாப்பிள்ளையிடம் சேர்த்துவிடவும். என் கிழிந்த பேண்ட்டும் இருக்கிறது. அதைத் தாங்கள் தைத்துத் தர வேண்டும். துணி தைக்க வரவில்லை என்று சொன்ன வாயால் தைத்துத் தரச் சொல்லிக் கேட்பதைத் தவிர, வேறு எப்படி மன்னிப்பு கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பைத் தெரிவிக்கவும். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். கேட்காமலே கொடுக்கிறேன், வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளவும். தங்கள் கடையும் குடும்பமும் பல்லாண்டு சிறக்க வேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து (இந்த முறை செருப்பைத் தேடி அல்ல),
மருந்துத் தாள்களில் பிழை திருத்துபவன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி, உறைக்குள் போட்டு, பசை தடவும் நேரத்தில் சம்பந்தியம்மா என் மனைவிக்கு போன் செய்துவிட்டார். இருவரும் முக்கால் மணி நேரம் சிரித்தார்கள். பாதியில் என் மனைவி நான்கு நாள் மௌனத்தை மறந்து என்னைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். என் கிழிசலைப் பார்க்கக் குனிந்தபோது தங்களுடையதும் பிரிந்துவிட்டதாம். டெய்லர் பேண்ட் பிரிந்து நிற்பதை ஊர் பார்த்தால் கடை என்னாவது என்ற கவலையில் தங்களுக்கு வேறு எதுவும் காதில் விழவில்லையாம். பேசாமல் எழுந்து போனதற்கு நாங்கள் கோபித்துக்கொண்டு பெண் தரமாட்டோம் என்று பயந்து போனைக்கூட எடுக்காமல் இருக்கிறீர்களாம். மன்னிப்பு கேட்டு எனக்கு ஒரு கடிதமும் எழுதி வைத்திருக்கிறீர்களாம். பிழை திருத்துபவனுக்குப் போகும் கடிதம், சந்திப்பிழை ஏதாவது இருந்துவிடுமோ என்று அனுப்பாமல் வைத்திருக்கிறீர்களாம்.

ஆக, தாங்கள் கேட்காத ஒரு வார்த்தைக்கு, இத்தனை பக்கம் எழுதி, அந்த வார்த்தையை நானே தங்களுக்குத் தெரியப்படுத்தியிருக்கிறேன். கடிதத்தைக் கிழித்துப் போட எழுந்தேன். மகள் கையைப் பிடித்தாள். "கிழிக்காதீங்கப்பா. அவர் மெஷினுக்கு அடியிலதானே இருந்தாரு. அவருக்கு எல்லாம் கேட்டுச்சு" என்றாள். "உன்கிட்ட சொன்னாரா?" என்றேன். "நானாத்தான் கேட்டேன். கேட்டுச்சு, விடுன்னாரு. அவங்க அப்பாகிட்ட மூச்சு விடல" என்றாள்.

தன் அப்பாவிடம் நான் அப்படிப் பேசியதைக் கேட்ட பிறகும் மாப்பிள்ளை என் காலை விடுவித்திருக்கிறார். எனவே கிழிக்கவில்லை. அனுப்புகிறேன். படித்துவிட்டு இதை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். முகவரி மாற்றி எழுதிவிட்டேன், இது அவருக்குப் போயிருக்க வேண்டியது. தங்கள் கடிதத்தையும் உள்ளது உள்ளபடி அனுப்புங்கள். என் சிவப்பு மை பேனாவை என் மனைவி எங்கோ எடுத்து வைத்துவிட்டாள். இடத்தைக் கேட்டால் சொல்ல மறுக்கிறாள்.